பூச்சிக்கும் பசிக்கும்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் விலங்கியல் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "நீ அமெரிக்காவுல இருபது வருஷத்துக்கு மேல இருந்தவன், ஏதாவது உபயோகமா பேசுப்பா" என்றார். விசாவைப் பற்றியும் கம்ப்யூட்டரைப் பற்றியும் பேச இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேசப் போவது வேறு. சுவர்க்கோழி, புழு, கரப்பான் பூச்சி, இவற்றைக் காசு கொடுத்து வாங்கி, வீட்டுக்குள் உயிரோடு வைத்துக் காப்பாற்றுவது எப்படி என்பதுதான் என் பேச்சு. சிரிக்கிறீர்கள். என் மனைவியும் முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். 2008-ஆம் வருஷம் அக்டோபர் மாதம், மிச்சிகன் மாநிலத்தில் நாங்கள் குடியிருந்த ஊரில், என் மகளுக்கு ஒரு பியர்டட் டிராகன் வாங்கிக் கொடுத்தேன். நம் வேலியில் தலையாட்டுகிற ஓணானுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிதான் சொந்த ஊர். கோபம் வந்தால் தொண்டைக்குக் கீழே முள்ளு முள்ளாகத் தாடி விரியும், கறுக்கும். ஆஸ்திரேலியா தன் காட்டுப் பிராணிகளை வியாபாரத்துக்கு வெளியே விடுவதில்லை. ஆகவே அமெரிக்கக் கடைகளில் இருப்பவை எல்லாம் அங்கேயே கூண்டில் பிறந்து வளர்ந்தவை. நாங்கள் வாங்கியது கை நீளம்கூட இல்லாத குட்டி. மகளுக்கு அப்போது வயது ஒன்பது. அதற்கு 'முத்து' என்று பேர் வைத்தாள்.

வளர்ந்த பிறகு இந்த ஓணான் பெரும்பாலும் கீரை, காய் தின்னும். குட்டியாக இருக்கும்போது பூச்சிதான் பிரதானம். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது சின்னச் சுவர்க்கோழிகளைத் தின்றுவிடும். சுவர்க்கோழி என்றால் ராத்திரி மூலையில் உட்கார்ந்து 'கிரீச் கிரீச்' என்று உயிரை வாங்குமே, அதுதான். சில ஊர்களில் சிள்வண்டு என்பீர்கள். அங்கே அதற்கென்று பண்ணைகள் இருக்கின்றன. வளர்ப்புப் பிராணிக் கடைகளில் எண்ணி எண்ணிப் பையில் போட்டுத் தருவார்கள். தபாலிலும் வரும். ஆயிரம் பூச்சி கொண்ட அட்டைப்பெட்டி, காற்றுக்கு ஓட்டை போட்டு, உள்ளே முட்டை அட்டை வைத்து, வீட்டு வாசலுக்கு வந்துவிடும். கடையில் ஐம்பது வாங்குகிற காசுக்குத் தபாலில் சில நூறு கிடைக்கும். நான் நம்ம ஊர்க்காரன். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று தெரிந்த பிறகு சில்லறையாக வாங்க மனசு வருமா?

பதினைந்து நாளைக்கு ஒரு தரம் ஆயிரம் என்று வரவழைத்தேன். வந்த பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே கீழ்த்தளத்தில் வைத்தேன். ஒரு உருளைக்கிழங்குத் துண்டு போடுவேன், அவ்வளவுதான். மூன்றாம் நாளே நாற்றம். ஒரு வாரத்தில் பாதி செத்துக் கிடக்கும். மீதி இருப்பதைத் தட்டி எடுத்து முத்துவுக்குப் போடுவேன். "பூச்சிதானே, அது பாட்டுக்கு இருக்கும்" என்று நினைப்பு. விலங்கியலில் முதல் வகுப்பில் தேறியவன் நான். கரப்பான் பூச்சியின் ஜீரண மண்டலத்தைப் படம் வரைந்து பாகம் குறித்து இதே கல்லூரியில் மார்க் வாங்கியிருக்கிறேன்.

2009 மார்ச் மாதம் ஒரு நாள் மகள் வந்து, "அப்பா, முத்துவோட கால் விரல் தானா ஆடுது" என்றாள். பார்த்தேன். பின்னங்கால் விரல்கள் துடித்துக் கொண்டிருந்தன. முன்னங்கால் லேசாக வளைந்திருந்தது. கீழ்த்தாடையைத் தொட்டால் ரப்பர் மாதிரி அமுங்கியது.

ஊர்வனவற்றைப் பார்க்கிற கால்நடை மருத்துவர் நாற்பது மைல் தள்ளி இருந்தார். கொண்டுபோனோம். எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு படத்தில் சரியாக விழவே இல்லை, நிழல் மாதிரி இருந்தது. அந்த அம்மையார் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ஓணான் என்ன சாப்பிடுகிறது என்பது இல்லை. "நீங்கள் போடுகிற பூச்சி என்ன சாப்பிடுகிறது?" என்றுதான் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

இதை இங்கே கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். மற்ற துறை நண்பர்கள் பொறுத்துக் கொள்ளுங்கள். நமக்கு எலும்பு உள்ளே இருக்கிறது, அது சுண்ணாம்புச் சத்தால் ஆனது. பூச்சிக்கு எலும்பு கிடையாது. வெளியே கைட்டின் ஓடுதான், பெரும்பாலான பூச்சிகளில் அதில் சுண்ணாம்புச் சத்து இல்லை. ஆகவே ஒரு எலியை விழுங்குகிற பாம்புக்கு எலும்போடு சேர்ந்து கால்சியம் கிடைத்துவிடும். பூச்சியைத் தின்கிற ஓணானுக்குக் கிடைக்காது. அதன் சாப்பாட்டில் கால்சியமும் பாஸ்பரஸும் குறைந்தது ஒன்றுக்கு ஒன்று இருக்க வேண்டும், இரண்டுக்கு ஒன்று இருந்தால் நல்லது. சுவர்க்கோழியிலும் தவிட்டுப் புழுவிலும் கணக்கு தலைகீழ், பாஸ்பரஸ்தான் பல மடங்கு அதிகம். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது. பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்தே கரைத்து எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். வீட்டில் விறகு இல்லை என்று உத்தரத்தை உருவி அடுப்பெரிக்கிற மாதிரி.

காட்டில் இருக்கிற ஓணான் எப்படிப் பிழைக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அங்கே அது தின்கிற பூச்சி பத்து விதம். ஒவ்வொன்றும் வயிறு நிறைய இலை, விதை, மண் எதையாவது தின்றுவிட்டு வருகிறது. பூச்சியைத் தின்கிற பிராணி, பூச்சியின் வயிற்றில் இருப்பதையும் சேர்த்துத்தான் தின்கிறது. அதற்கு மேல் வெயில் இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்தான் தோலில் வைட்டமின் டி-யை உண்டாக்குகிறது. அது இல்லாவிட்டால் கால்சியம் போட்டாலும் உடம்பில் ஒட்டாது. இதற்கென்று கூண்டுக்கு மேல் தனி விளக்கு மாட்டுவார்கள். நானும் மாட்டியிருந்தேன். ஆனால் மிச்சிகன் குளிருக்குப் பயந்து, சூடு வெளியே போகாமல் இருக்கட்டும் என்று விளக்குக்கும் கூண்டுக்கும் நடுவே ஒரு கண்ணாடிப் பலகையை வைத்தவனும் நான்தான். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். இதுவும் நான் படித்த பாடம்தான்.

என் பெட்டியில் இருந்த சுவர்க்கோழிகள் பட்டினி கிடந்த பூச்சிகள். வெறும் தோடு. முத்து நாளைக்கு நாற்பது தின்றும் பட்டினிதான் கிடந்தது.

கால்சியம் மருந்தை வாயில் சொட்டுச் சொட்டாக ஊற்றினோம். கண்ணாடியை எடுத்துப் போட்டேன். பிழைக்குமா என்று மூன்று வாரம் தெரியவில்லை. மகள் தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் அதன் தாடையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். என்னிடம் அதிகம் பேசவில்லை. அந்த மூன்று வாரத்தில் ஒரு ராத்திரி கீழ்த்தளத்தில் செத்த பூச்சிகளைக் கொட்டிக் கொண்டிருந்தபோதுதான் எனக்கு நம் அட்டெண்டர் அண்ணன் ஞாபகம் வந்தார்.

விலங்கியல் ஆய்வுக்கூட அட்டெண்டர். 1983-லிருந்து 86 வரை படித்த எங்கள் செட்டுக்கும், அதற்கு முன்னும் பின்னும் பல செட்டுகளுக்கும் அவரைத் தெரியும். இன்றைய மாணவர்களுக்கு இந்தச் சங்கதி புதிதாக இருக்கும். 2014-ல் பல்கலைக்கழக மானியக் குழு டிஸெக்ஷனை நிறுத்திவிட்டது, நல்ல காரியம்தான். எங்கள் காலத்தில் மெழுகுத் தட்டில் கரப்பானைக் குண்டூசி குத்தி வைத்து அறுக்காமல் பட்டம் கிடையாது. முப்பது மாணவருக்கு முப்பது கரப்பான் வேண்டும். செத்தது ஆகாது. அண்ணன் ஹாஸ்டல் சமையல்கட்டிலும் சாக்கடை மூடியிலும் ராத்திரியில் பிடித்து வருவார். ஒரு பழைய பிஸ்கட் தகர டின். மூடியில் ஆணியால் ஓட்டை. உள்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு எண்ணெய் தடவியிருப்பார், ஏறினால் வழுக்கும். உள்ளே கிழிந்த அட்டை, நனைத்த பஞ்சு, தவிடு, பன் துண்டு, வாழைப்பழத் தோல்.

நான் ஒரு நாள் கேலியாக, "என்னண்ணே, நாளைக்குச் சாகப்போறதுக்கு விருந்தா?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "தம்பி, பசியில இருந்தா ஒண்ணை ஒண்ணு கடிச்சுக்கும். மீசை இல்லாத கரப்பானை வெச்சு நீ என்ன படம் வரைவே? வயிறு காலியா இருந்தா தீனிப்பை எங்கே இருக்குன்னே உனக்குத் தெரியாது. முந்தின நாள் சாயங்காலம் நல்லா தின்ன வெச்சாத்தான் நாளைக்கு உனக்கு மார்க்கு."

அங்கே பூச்சிகளுக்கு முன்கூட்டியே சத்தான தீனி கொடுத்து வயிற்றை நிரப்பி, அதன் பிறகு ஓணானுக்குப் போடுவதற்கு ஆங்கிலத்தில் 'கட் லோடிங்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். டப்பாவில் தனித் தீனி விற்கிறார்கள். நான் அதைக் காசு கொடுத்து வாங்கினேன். அண்ணன் பிஸ்கட் டின்னில் செய்ததும் அதேதான். நான் மூன்று வருஷம் அதைக் கண்ணால் பார்த்துக் கொண்டே இருந்தேன். அது அட்டெண்டர் வேலை என்று நினைத்ததால் ரெக்கார்டு நோட்டில் எழுதவில்லை.

அதற்குப் பிறகு நான் கற்றுக் கொண்டதைச் சொல்கிறேன். சென்னையில் கொளத்தூர் பக்கம் அரோவானா மீனுக்கு 'சூப்பர் வார்ம்' வாங்குகிறவர்களும் பறவை வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் உதவும். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டுவிட்டு யாரும் உடும்பையோ நட்சத்திர ஆமையையோ வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

வாங்கும்போது கடைக்காரர் முகத்தைப் பார்க்காதீர்கள், தொட்டியின் அடியைப் பாருங்கள். செத்தது எவ்வளவு, கால் போனது எவ்வளவு, நாற்றம் உண்டா என்று பார்த்தால் போதும். புதுச்சரக்கு எந்தக் கிழமை வரும் என்று கேட்டு அன்றைக்குப் போங்கள். பூச்சியின் அளவு, ஓணானின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது. சிறகு முளைத்துக் கத்துகிற பெரிய சுவர்க்கோழி பார்க்கக் கொழுகொழு என்றிருக்கும். ஆனால் அது கிழம். முட்டையிலிருந்து வந்து இரண்டு மாதத்தில் முழு வளர்ச்சி, அதற்கு மேல் சில வாரம்தான் ஆயுசு. வீட்டுக்கு வந்ததும் சாகும். அரை வளர்ச்சியில் வாங்கினால் கத்தவும் கத்தாது.

தபால் சரக்கில் குளிர்தான் எமன். ஒரு ஜனவரியில் நான் ஆபீஸ் போயிருந்தபோது பெட்டியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் ஆயிரமும் கட்டை. அனுப்பிய கடையில் புகார் செய்தேன். பனிக்காலத்தில் அனுப்பச் சொன்னது உங்கள் இஷ்டம் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு தபால் ஆபீஸிலேயே நிறுத்தி வைக்கச் சொல்லி நானே போய் வாங்கி வருவேன். ஆனால் விறைத்துக் கிடக்கிறதே என்று உடனே கொட்டிவிடக் கூடாது. சில மணி நேரம் சாதாரண அறைச் சூட்டில் வைத்தால் ஒரு பகுதி எழுந்து நடக்கும்.

வீட்டுக்கு வந்த அன்றே வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டும். உயரமான பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் பெரிதாக வெட்டிக் கம்பி வலை. முட்டை அட்டைகளைப் படுக்கப் போடாமல் நிறுத்தி வைத்தால் எச்சம் கீழே விழுந்துவிடும், எடுப்பது சுலபம். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் முழுகிச் சாகும். கேரட் துண்டு, ஆரஞ்சுத் துண்டு போதும். சுவர்க்கோழிக்கு ஈரம் சேர்ந்தால் ஆகாது. செத்ததும் எச்சமும் ஈரத்தில் அழுகி அமோனியா கிளம்பினால் ஒரே ராத்திரியில் பெட்டி காலி. கொடுப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் கால்சியம் உள்ள நல்ல தீனி, கீரை. கொடுக்கும்போது கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்க வேண்டும். உடனே தின்றால்தான் பிரயோஜனம், இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் பூச்சி தன் உடம்பைத் தானே துடைத்துச் சுத்தமாகிவிடும். மீந்ததை ராத்திரி கூண்டில் விடக் கூடாது. பசித்த சுவர்க்கோழி தூங்குகிற ஓணானைக் கடிக்கும். சாப்பாடே சாப்பிடுகிறவரைச் சாப்பிடுகிற கதை.

தவிட்டுப் புழுவுக்கு வேறு முறை. கோதுமைத் தவிட்டில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், ஏழெட்டு டிகிரியில் அரைத்தூக்கத்தில் கிடக்கும், வாரக்கணக்கில் வண்டாக மாறாது. வாரத்துக்கு ஒரு நாள் வெளியே எடுத்து, கேரட் கொடுத்து, தின்ற பிறகு திரும்ப உள்ளே வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த டப்பா இட்லி மாவுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு நாள் விருந்துக்கு வந்த நண்பரின் மனைவி தயிர் எடுக்கப் போய் அதைத் திறந்துவிட்டார். அந்தக் குடும்பம் இன்று வரை எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டதில்லை.

அதே கணக்கில் சூப்பர் வார்மையும் குளிரில் வைத்தேன். இரண்டு நாளில் கறுத்துத் துவண்டு செத்தன. அது வெப்பமண்டலத்துப் புழு, குளிர் ஆகாது. வெளியிலேயே வைத்தால் வண்டாகிவிடாதா என்றால், ஆகாது. கூட்டமாக இருக்கும்வரை அது கூட்டுப்புழுவாக மாறாது. ஒன்றைத் தனியே ஒரு சின்ன டப்பாவில் அடைத்தால்தான் சில நாளில் சுருண்டு மாறும். இதை முதலில் படித்தபோது நம்பவில்லை. மகளோடு சேர்ந்து பழைய ஃபிலிம் டப்பாக்களில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். மாறியது. அவள் என்னோடு மறுபடி பழையபடி பேச ஆரம்பித்தது அந்த டப்பாக்களை எண்ணும்போதுதான்.

முத்து பிழைத்துவிட்டது. முன்னங்கால் வளைவு மட்டும் கடைசிவரை நிமிரவில்லை.

2010-ஐ ஒட்டி வட அமெரிக்காவில் சுவர்க்கோழிப் பண்ணைகளில் ஒரு வைரஸ் நோய் பரவியது. பல பண்ணைகள் மொத்தமாக அழிந்தன, சில திவாலாயின. ஓணானுக்கு அந்த நோய் ஒட்டாது, ஆனால் கடையில் பூச்சி கிடைக்கவில்லை. அப்போதுதான் கரப்பானுக்கு மாறினேன். டூபியா என்று தென் அமெரிக்க இனம். நம்ம ஊர்க் கரப்பான் மாதிரி பறக்காது, வழவழப்பான சுவரில் ஏறாது, குட்டியாகவே போடும், நாற்றமும் குறைவு. ஆனாலும் கரப்பான் கரப்பான்தானே. "ஏங்க, ஊர்ல இருந்தவரைக்கும் இதை அடிக்கத்தான் நான் துடைப்பக்கட்டை வெச்சிருந்தேன், இப்ப காசு கொடுத்து வாங்கி சோறு போடச் சொல்றீங்களா?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்வி. கரப்பானின் தூசி சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால் கீழ்த்தளத்திலேயே வைத்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் பெட்டியைச் சுத்தம் செய்வேன். ஏறாது என்று தெரிந்தும் உள்விளிம்பில் இரண்டு விரல் அகலம் எண்ணெய் தடவினேன். கை பழக்கம் யாருடையது என்று உங்களுக்குத் தெரியும்.

தோட்டத்தில் பிடித்த பூச்சியை மட்டும் கொடுக்காதீர்கள். மருந்து அடித்ததா என்று தெரியாது. எல்லாவற்றையும்விட மின்மினிப் பூச்சி. அமெரிக்க மின்மினி ஒன்றே ஒன்று போதும், பியர்டட் டிராகன் செத்துவிடும், அதில் அப்படி ஒரு விஷம். ஜூன் மாதத்து சாயங்காலம் எங்கள் புல்வெளி முழுக்க மின்மினி. பக்கத்து வீட்டுப் பையன் ஆசையாக ஒரு புட்டியில் பிடித்து முத்துவுக்குக் கொண்டுவந்தான். மகள் வாசலிலேயே அவனை மறித்துவிட்டாள். அதற்குள் அவளுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது.

முத்து 2019-ல், பத்து வயதைத் தாண்டி, கிழமாகிச் செத்தது. கரப்பான் பெட்டியை அதற்குப் பிறகும் ஒரு வருஷம் வைத்திருந்தோம். யாருக்கும் கொட்ட மனசு வரவில்லை.

இந்த மலரில் பேராசிரியர்களின் படங்கள் இருக்கின்றன, எல்லோரும் வணங்கத்தக்கவர்கள். ஆய்வுக்கூட ஊழியர்கள் ஒருவர் படமும் இல்லை. அடுத்த மலரிலாவது போடுங்கள் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்றார். இந்த மேடையில் மறுபடியும் கேட்கிறேன்.

நேற்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். கண் சரியாகத் தெரியவில்லை, குரலை வைத்து எந்த செட்டு என்று சொன்னார். முத்துவின் கதையை முழுக்கச் சொன்னேன். டின் விஷயம் அவருக்கு ஞாபகம் இருந்தது, என்னிடம் சொன்னது ஞாபகமில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கரப்பானுக்கு என்ன தீனி போட்டே?" என்றார். கேரட், கீரை, ஆரஞ்சு என்றேன்.

"வெல்லம் போட்டுப் பாத்தியா?"

இல்லை அண்ணே என்றேன்.